இரண்டு ஜெனரல்களை ஒருவராக எழுதிவிட்டேன்

2023 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நானே எழுதி என் காசில் அச்சடித்த 260 புத்தகங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் கோயம்புத்தூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் போட்டேன். எடை 78 கிலோ. கிலோ 14 ரூபாய் கணக்கில் 1,092 ரூபாய் கொடுத்தார்கள். அட்டையில் லேமினேஷன் இருப்பதால் அது தனி, தாள் தனி என்று கடைப்பையன் ஒவ்வொன்றாக அட்டையைக் கிழிக்க ஆரம்பித்தான். "ஏனுங்கக்கா, புதுசாட்டம் இருக்குதே, எதுக்குங்க போடறீங்க?" என்று கேட்டான். "உள்ளே தப்பு இருக்குப்பா" என்றேன். அட்டையில் இந்தியாவின் முன்னாள் ராணுவத் தளபதி ஜெனரல் திம்மய்யாவின் படம். புத்தகமே அவரைப் பற்றியதுதான். அவன் கிழிப்பதைப் பார்க்க முடியாமல் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்தப் புத்தகத்துக்கு எனக்கு இரண்டு வருடம் மூன்று மாதம் ஆனது. டெல்லிக்கு மூன்று தடவை போய்வந்ததில் 61,000 ரூபாய், கடிதங்கள் என்று நம்பி வாங்கிய ஜெராக்ஸ் கட்டுக்கு 22,000, டி.டி.பி., அட்டை, அச்சு எல்லாம் சேர்த்து 74,000, சில்லறைச் செலவு 9,000. மொத்தம் 1,66,000. என் விருப்ப ஓய்வுப் பணத்தில் இருந்து எடுத்தது. இன்றைக்கு நிறைய பேர் ராணுவத்தில் இருந்த அப்பாவைப் பற்றி, தாத்தாவைப் பற்றி, அவர்கள் யாருக்குக் கீழே வேலை பார்த்தார்களோ அந்த அதிகாரிகளைப் பற்றி எழுத ஆசைப்படுகிறார்கள். எனக்கு முன்னால் யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவர். 1953இல் அவருக்கு 23 வயது. அந்த ஜூலை 27ஆம் தேதி கொரியாவில் போர் நின்றது. ஆனால் கைதிகள் பிரச்சினை நின்றபாடில்லை. ஐ.நா. தரப்பிடம் பிடிபட்ட சீன, வட கொரிய வீரர்களில் சுமார் 22,600 பேர் ஊர் திரும்ப மாட்டோம் என்றார்கள். சீன, வட கொரியத் தரப்பிடம் பிடிபட்டவர்களில் 359 பேரும் அதையே சொன்னார்கள். அதில் 23 பேர் அமெரிக்கர்கள், ஒருவர் பிரிட்டிஷ்காரர். இவர்களைப் பத்திரமாக வைத்திருந்து, மிரட்டல் இல்லாமல் ஒவ்வொருவரும் தன் முடிவைச் சொல்ல வழி செய்வதற்காக இந்தியா, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா என்று ஐந்து நாடுகளின் ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் கே.எஸ். திம்மய்யா. காவலுக்குப் படை அனுப்பிய ஒரே நாடு இந்தியா, சுமார் 6,000 பேர். அப்பா அதில் ஒருவர்.

தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்திய வீரர்களைத் தன் மண்ணில் கால் வைக்க விடமாட்டேன் என்றுவிட்டார். அதனால் இஞ்சோன் துறைமுகத்தில் இருந்து ஹெலிகாப்டரிலேயே தூக்கிக்கொண்டு போய் ராணுவம் விலக்கப்பட்ட பகுதியில் இறக்கினார்கள். அப்பா இதை எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்கு அலுக்காது. அங்கே அவர்கள் போட்ட கூடார ஊருக்குப் பெயர் ஹிந்த் நகர். அவருடைய டிரங்குப் பெட்டியில் விதேஷ் சேவா பதக்கமும் அதன் நாடாவில் 'கொரியா' என்ற சின்னப் பட்டையும் இன்னமும் இருக்கின்றன. இன்னொரு கதையும் சொல்வார். கைதிகள் ஒரு இந்திய மேஜரை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், "அப்போ ஜெனரல் சாப் உள்ளே போனார் கண்ணு, கையில துப்பாக்கி இல்லை" என்பார். இந்த ஒரு வரிதான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தது.

அப்பா 2011இல் காலமானார். 2020 ஜனவரியில் நான் பி.எஸ்.என்.எல்.லில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கினேன். 2021 பிப்ரவரி 6ஆம் தேதி மடிக்கேரியில் திம்மய்யாவின் 'சன்னி சைட்' வீட்டை அருங்காட்சியகமாக்கி குடியரசுத் தலைவர் திறந்துவைத்த செய்தியைப் படித்தேன். குடகில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் குன்னூர் செயின்ட் ஜோசப்பில் படித்தவர், நம் பக்கத்து மனிதர். தமிழில் அவரைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் என் கண்ணில் படவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று அந்த ஜூலையில் உட்கார்ந்தேன்.

முதல் தவறு எடுத்த எடுப்பிலேயே நடந்தது. திம்மய்யா என்றதும் எல்லோரும் கேட்பது 1959 ராஜினாமாவைத்தான். நானும் அதன் பின்னாலேயே ஓடினேன். 1957 மே மாதம் ராணுவத் தளபதி ஆனவருக்கும் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் பதவி உயர்வுகள் முதல் பல விஷயங்களில் உரசல். 1959 ஆகஸ்ட் 31 அன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு கூப்பிட்டுப் பேசி, திரும்பப் பெற வைத்தார். விஷயம் பத்திரிகையில் வந்துவிட்டது. செப்டம்பர் 2ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நேரு பேசியபோது தளபதி செய்தது சரியில்லை என்ற தொனியில் பேசினார். வாபஸ் வாங்கச் சொன்னவரே சபையில் அப்படிப் பேசியது திம்மய்யாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது. 1961 மே மாதம் ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே சீனாவுடன் போர், மேனன் பதவி விலகினார். இப்படி ஒரு கதை இருக்கும்போது யாருக்குத்தான் கை பரபரக்காது? அந்தக் கடிதத்தின் மூலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று டெல்லிக்கு ரயில் ஏறினேன்.

மூன்று பயணத்திலும் சேர்த்து 26 நாள் பஹார்கஞ்சில் லாட்ஜில் தங்கினேன். போன இடத்தில் (பெயர் வேண்டாம்) அறிமுகக் கடிதம் எங்கே என்றார்கள். அடுத்த தடவை கடிதத்தோடு போனால் கோப்பு எண் கேட்டார்கள். எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை போனபோது அந்தக் கோப்பு இன்னும் பொதுப் பார்வைக்கு வரவில்லை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வெளியே புல்தரையில் உட்கார்ந்து அழுதேன். அறுபது வயதில் தனியாக வந்து என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. வீட்டில் "நல்லா போகுதுங்க" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் வீட்டுக்காரர் என்னை அங்கேயே நிறுத்தியிருப்பார்.

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கோப்பு எண் கையில் இல்லாமல் டெல்லிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியல் 'அபிலேக் படல்' என்ற இணையதளத்திலேயே இருக்கிறது. பெயர், வருடம், அமைச்சகம் போட்டு வீட்டில் இருந்தே தேடலாம், ஸ்கேன் செய்யப்பட்ட கோப்புகளும் கிடைக்கும். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் கடிதத்தாளில் அறிமுகக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிவராத கோப்பு என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். 20 வருடத்துக்கு முந்தைய தகவலுக்கு அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு பல தடைகளை நீக்குகிறது, ஆனால் நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க இன்னமும் இடம் உண்டு. முக்கியமாக, 1959 பற்றி நேரு சபையில் என்ன பேசினார் என்பதைத் தெரிந்துகொள்ள டெல்லியே போக வேண்டாம். மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின் நூலகத்தில் இருக்கின்றன. நேருவின் எழுத்துத் தொகுதிகளையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நான் 61,000 செலவழித்துத் தேடியதில் பெரும்பகுதி என் செல்போனுக்குள்ளேயே இருந்தது.

டெல்லியில்தான் அந்த இடைத்தரகர் அறிமுகமானார். திம்மய்யா கொரியாவில் இருந்து எழுதிய அந்தரங்கக் கடிதங்களின் நகல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். மங்கலான ஜெராக்ஸ், ஓரத்தில் டீக்கறை, பார்த்தால் யாரும் நம்புவார்கள். 30,000 கேட்டு 22,000க்கு இறங்கினார். ஏ.டி.எம்.மில் எடுத்துக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு நூலகத்தில் பார்க்கிறேன், அதே வரிகள்! திம்மய்யா கொரிய அனுபவத்தை எழுதி வைத்திருந்தது அவர் இறந்த பிறகு 1981இல் புத்தகமாகவே வந்திருக்கிறது. அதன் பக்கங்களைப் பிரித்து, தலைப்பை மறைத்து எனக்கு விற்றிருக்கிறார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. யாராவது பழைய கடிதம், டைரி என்று விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் அதில் இருந்து நாலு வரியைக் குறித்துக்கொண்டு, அந்த மனிதரைப் பற்றி ஏற்கெனவே வந்த புத்தகங்களில் தேடிப் பாருங்கள். மூலத்தைக் காட்டு என்று கேளுங்கள். ஜெராக்ஸுக்கு மேல் எதுவும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகு புத்தகத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. 140 பக்கத்தில் 90 பக்கம் ராஜினாமா. கொரியாவுக்கு அப்பா சொன்ன கதைகளும் இணையத்தில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய கட்டுரைகளும். கடைசிக் காலத்தில் அவர் ஐ.நா. அமைதிப் படைத் தளபதியாக இருந்த சைப்ரஸுக்கு வெறும் இரண்டு பக்கம். 2023 செப்டம்பரில் 300 பிரதி அச்சடித்து, 40 பிரதியைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் வேலூர்ப் பக்கத்தில் இருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற சுபேதார், வயது தொண்ணூறு. குரல் நடுங்கினாலும் பேச்சு நிதானம். "அம்மா, புத்தகம் பேத்தி படிச்சுக் காட்டினா. நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா மேஜரை மீட்க உள்ளே போனது திம்மய்யா சாப் இல்லை. தோராட் சாப்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா அங்கேயே இருந்தவருங்க ஐயா, அவரே சொன்னது" என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "உங்கப்பா பேர் சொன்னாரா அம்மா? இல்லை, ஜெனரல் சாப்னு சொன்னாரா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பெயர் சொன்னதே இல்லை. ஐந்து நாட்டு ஆணையத்துக்குத் தலைவர் திம்மய்யா. காவல் படைக்குத் தளபதி மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோராட். ஒரு சிப்பாய்க்கு இருவருமே ஜெனரல் சாப்தான். 1953 செப்டம்பர் 25 அன்று கைதிகள் மேஜர் கிரேவாலைப் பிடித்து வைத்தபோது, கூட்டத்துக்குள் போய்ப் பேசி, ஒரு தோட்டா வெடிக்காமல் அவரை மீட்டு வந்தவர் தோராட். அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்ட நான்தான் எனக்குத் தெரிந்த ஒரே பெயரை அதில் ஒட்டிவிட்டேன். புத்தகத்தில் அது பதினோரு பக்கம், திம்மய்யாவின் துணிச்சலுக்கு முதல் சாட்சியாக. படைத் தளபதியும் அவரே என்று பல இடத்தில் எழுதியிருந்தேன். உயிரைப் பணயம் வைத்து ஒருவர் செய்ததை எடுத்து இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பிழைதிருத்தச் சீட்டு ஒட்டலாமே என்றார் அச்சகத்துக்காரர். பதினோரு பக்கத்துக்கு எங்கே ஒட்டுவது? கொடுத்த நாற்பது பேருக்கும் கடிதம் எழுதிவிட்டு, மிச்சத்தைக் கடையில் போட்டேன்.

இது யாருக்கும் நடக்கும். அதனால் எழுத ஆரம்பிக்கும் முன்னால் ஒரே ஒரு தாளில் யார், எந்தப் பதவி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். திம்மய்யாவுக்கு என்றால் 1953 செப்டம்பர் முதல் 1954 பிப்ரவரி வரை கொரியா ஆணையம், 1957 மே முதல் 1961 மே வரை ராணுவத் தளபதி, 1964 ஜூலை முதல் 1965 டிசம்பர் வரை சைப்ரஸ். பக்கத்திலேயே அதே காலத்தில் அங்கே இருந்த மற்றவர்கள். கொரியாவில் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸை 1950 முதல் நடத்திய டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ் நம் தமிழர்; அந்த மருத்துவப் பிரிவு வேறு, பிறகு போன காவல் படை வேறு, இதையும் பலர் குழப்புகிறார்கள். வயதானவர்களிடம் கதை கேட்கும்போது "யார் அந்த சாப்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். நான் இருபது வருடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. அச்சடிப்பது முதலில் 20, 30 பிரதி போதும். அந்த இடத்தில் இருந்த ஒருவராவது படித்த பிறகு மீதியை அடித்துக்கொள்ளலாம்.

இரண்டு மாதம் எதையும் தொடவில்லை. பொங்கல் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்தேன், இந்தத் தடவை திம்மய்யா அமைதிப் பணிக்குப் போன இடங்களில் இருந்து. ஐ.நா. மின் நூலகத்தில் நாடு, வருடம் போட்டுத் தேடினேன். காசே இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையும் 1952–54 கொரியா ஆவணங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. ஆணையத்தின் மேல் அந்தத் தரப்புக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அதில் தெரிகிறது. ஒரு அதிகாரி ஐ.நா.வுக்காக வேலை பார்த்த காலத்தின் தாள்கள் ஐ.நா.விடம்தான் இருக்கும் என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியிருக்க வேண்டும்.

படிக்கப் படிக்க நான் 90 பக்கம் எழுதிய மனிதரை எனக்குத் தெரியவே தெரியாது என்று புரிந்தது. கொரியாவில் கைதிகளுக்கு இரண்டு வாசல் வைத்த கூடாரம். ஒரு வாசல் ஊருக்கு, ஒரு வாசல் மறுப்புக்கு. சொந்த நாட்டு அதிகாரிகள் வந்து பேச 90 நாள் ஒதுக்கியிருந்தும், கைதிகள் மறுத்ததாலும் இரு தரப்பின் இழுபறியாலும் பேச்சு நடந்தது பத்து நாள்தான். அவர்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டிய அரசியல் மாநாடும் கூடவில்லை. கடைசியில் 1954 ஜனவரி 20 முதல், பிடித்து வைத்திருந்த தரப்பிடமே கைதிகளைத் திருப்பி ஒப்படைத்தார் திம்மய்யா. விடுதலை செய்கிறேன் என்று சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, பலவந்தமாக ஊருக்கு அனுப்பவும் மனசில்லை. இரு பக்கமும் திட்டினார்கள். எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் இந்தியப் படையோடு கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இதைப் படித்த அன்று அப்பா இல்லையே என்று இருந்தது.

சைப்ரஸ் இன்னும் கடினமான வேலை. கிரேக்க சைப்ரஸ் மக்களுக்கும் துருக்கிய சைப்ரஸ் மக்களுக்கும் நடந்த மோதலை அடக்க, 1964 மார்ச் 4ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபையின் 186ஆம் தீர்மானத்தால் உருவான படை அது. முதல் தளபதி பி.எஸ். கியானி, அவரும் இந்தியர். ஜூலையில் திம்மய்யா பொறுப்பேற்றார். அவருக்குக் கீழே இந்தியப் படைப்பிரிவு ஒன்றுகூட இல்லை. பிரிட்டன், கனடா, டென்மார்க், ஃபின்லாந்து, ஸ்வீடன், அயர்லாந்து வீரர்கள். அடுத்த மாதமே கோக்கினாவில் சண்டை, துருக்கி விமானங்கள் குண்டு போட்டன. எஸ்/5950 என்ற எண்ணில் செப்டம்பர் 10ஆம் தேதி வந்த பொதுச் செயலாளரின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். அதிலும் அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளிலும் பெரும்பாலும் சோதனைச் சாவடி, சாக்கு மூட்டை, அறுவடை சமாச்சாரம்தான். எந்தப் பகுதிக்கு எந்தச் சரக்கு போகலாம், வயலில் வேலை செய்பவர்களுக்கு யார் காவல், நிக்கோசியாவில் இருந்து கைரேனியா போகும் சாலையில் கிரேக்க சைப்ரஸ் மக்களின் வண்டிகளை ஐ.நா. வீரர்கள் முன்னும் பின்னும் நின்று அழைத்துப் போவது. 1948இல் காஷ்மீர் போரில் ஸோஜி லா கணவாயில் டாங்கிகளை ஏற்றி ஜெயித்த தளபதி, கடைசிக் காலத்தில் இதைத்தான் பொறுமையாகச் செய்துகொண்டிருந்தார். 1965 டிசம்பர் 18ஆம் தேதி சைப்ரஸிலேயே மாரடைப்பில் இறந்தார். அடுத்த வருடம் அந்த நாடு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இப்போது கையெழுத்துப் பிரதி 210 பக்கம். ராஜினாமா அதில் 25 பக்கம், தோராட்டுக்குத் தனி அத்தியாயம். அச்சகம் பக்கம் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலூர் சுபேதாருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டுகிறேன். பேத்தி ஸ்பீக்கரில் வைத்துக் கொடுப்பாள். கொரியாவில் மட்டும் பதினான்கு இடத்தில் நிறுத்தித் திருத்தியிருக்கிறார், கூடாரக் கயிறு கட்டும் முறை வரைக்கும். போன வாரம் கொரியா முடிந்தது. "சைப்ரஸுக்கு நான் போகலை அம்மா. அங்கே என்ன நடந்ததுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை கைரேனியா சாலையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.